கூட்டத்தில் வாய் திறப்பவர் யார்?

எங்கள் ஊர்களில் ஒரு பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று வாசகர்களாகிய உங்களுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. சனசமூக நிலையக் கூட்டமாக இருக்கட்டும், கோயில் பரிபாலன சபைக் கூட்டமாக இருக்கட்டும், முன்வரிசைக் கதிரைகள் யார் யாருக்கென்று எழுதி ஒட்டாமலே எல்லோருக்கும் தெரியும். தலைவர் உரை, செயலாளர் அறிக்கை, பொருளாளர் கணக்கு. பிறகு இரண்டு மூன்று பெரியவர்கள் ஆளுக்கு அரைமணி நேரம். "வேறு ஆருக்கும் ஏதேனும் கதைக்க இருக்குதோ?" என்று தலைவர் கேட்கும்போது வடையும் தேநீரும் வந்துவிடும். சுவரோரம் நின்ற பெண்கள் அந்த வடையைப் பரிமாறத்தான் முன்னுக்கு வருவார்கள்.

யுத்த காலத்தில் இதற்கு மேலே பயமும் சேர்ந்துகொண்டது. கூட்டத்தில் ஒரு சொல் கூடிப்போனால் அது யாருடைய காதுக்குப் போகும் என்று தெரியாது. "நீ ஒன்றும் கதையாதே, பேசாமல் இருந்துவிட்டு வா" என்று சொல்லித்தான் அம்மா எங்களை அனுப்பினாள். அந்தப் புத்தியையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் இங்கே வந்து இறங்கியிருக்கிறோம்.

இங்கேயோ எதற்கெடுத்தாலும் கூட்டம். பாடசாலையில் பெற்றோர் கூட்டம், மாடிக்கட்டடத்தில் குடியிருப்பாளர் கூட்டம், வீதி அகலிப்பதென்றால் நகரசபை கூட்டும் கூட்டம். இவை எல்லாம் கண்துடைப்பு என்று சொல்லுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். சில கூட்டங்கள் அப்படித்தான். ஆனால் எது கண்துடைப்பு, எது உண்மையாகவே ஒரு முடிவை மாற்றுகிறது என்பதைக் கடந்த முப்பது வருடங்களாக ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்து வருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இதை எழுதும் நாங்கள் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு சிப்ட் செய்பவர்கள்; க.பொ.த. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். நூலகத்தில் கிடைத்ததை எடுத்து, விளங்காத இடத்தில் பிள்ளைகளிடம் கேட்டு, இடைவேளை மேசையில் இருந்து கதைத்துக் கதைத்து அறிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

ஜேம்ஸ் பிஷ்கின் என்ற அமெரிக்கப் பேராசிரியருடைய யோசனை மிகவும் எளிமையானது. தெருவில் போகிறவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால், அவர் அதைப்பற்றி ஒருநாளும் யோசித்திராவிட்டாலும் ஏதோ ஒரு பதில் சொல்லிவிடுவார். கருத்துக் கணிப்பு என்று பத்திரிகையில் வருவது பெரும்பாலும் அதுதான். அதற்குப் பதிலாக, குலுக்கல் முறையில் சாதாரண ஆட்களைத் தெரிந்தெடுத்து, முதலில் அவர்களுடைய கருத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு விடயத்தின் எல்லாப் பக்கங்களையும் சொல்லும் தகவல்களைக் கொடுத்து, சிறு குழுக்களாக இருத்தி, இரண்டு மூன்று நாள் கதைக்கவிட்டு, முடிவில் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். 1994இல் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் முதன்முதலாக இதைச் செய்தார்கள். முந்நூறு பேர்வரை வந்தார்கள். விடயம் குற்றச் செயல்கள். குற்றவாளிகளில் இன்னும் கூடுதலானவர்களைச் சிறைக்கு அனுப்புவது குற்றத்தைத் தடுக்க நல்ல வழி என்று முதலில் சொன்னவர்கள் நூற்றுக்கு 57 பேர். கதைத்து முடிந்தபின் அப்படிச் சொன்னவர்கள் 38 பேர்.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 1996 முதல் 1998 வரை மின்சாரக் கம்பனிகள் எட்டுத் தடவை இதே முறையைச் செய்து பார்த்தன. காற்று, சூரிய ஒளி போன்றவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதற்காக மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கூடக் கட்டச் சம்மதமா என்பது கேள்விகளில் ஒன்று. சம்மதித்தவர்கள் சராசரியாக நூற்றுக்கு 52 பேரிலிருந்து 84 பேராக உயர்ந்தார்கள். எண்ணெய்க்குப் பேர்போன அந்த மாநிலம் 1999இல் அதற்கென்று சட்டம் கொண்டுவந்தது. 2006இல் காற்றாலை மின்சாரத்தில் கலிபோர்னியாவையும் முந்தியது. கூட்டம் ஒன்றினால் மட்டும் இது நடந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் "சனத்துக்கு என்ன தெரியும்" என்று சொல்லுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கனடாவிலேயே நடந்த ஒன்றை இன்னும் விரிவாகச் சொல்லவேண்டும்.

2004இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு, தேர்தல் முறையை மாற்றுவதா இல்லையா என்ற கேள்வியை அரசியல்வாதிகளின் கையிலிருந்து எடுத்துச் சாதாரண மக்களின் கையில் கொடுத்தது. மாகாணத்தின் 79 தொகுதிகளிலிருந்தும் தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று குலுக்கலில் 158 பேர் தெரிவானார்கள். பார்த்தால் அந்த 158 பேரில் பூர்வீகக் குடிமக்கள் ஒருவர்கூட இல்லை! குலுக்கல் நியாயமானதுதான், அதற்காக எல்லோரும் அதற்குள் தானாக வந்து சேர்ந்துவிடுவார்கள் என்றில்லை. பின்னர் பூர்வீகக் குடிமக்களிலிருந்து இருவரைச் சேர்த்து 160 ஆக்கினார்கள். தலைவரோடு 161 பேர்.

இவர்கள் வார இறுதிகளில் வான்கூவரில் கூடினார்கள். முதலில் மூன்று மாதம் படிப்பு; எந்த நாட்டில் எந்தத் தேர்தல் முறை, அதில் என்ன நன்மை, என்ன தீமை என்று. அதன்பின் மாகாணம் முழுவதும் 50 பகிரங்கக் கூட்டங்கள் வைத்து மக்களிடம் கேட்டார்கள். 1,600க்கும் மேற்பட்ட எழுத்து மூலக் கருத்துகள் வந்து சேர்ந்தன. கடைசியாகத் தங்களுக்குள் கதைத்து முடிவெடுத்தார்கள். நாளொன்றுக்கு 150 டொலர் கொடுக்கப்பட்டது. எங்களைப்போல் மணித்தியாலக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு இந்தச் செய்தி சின்ன விடயமல்ல. ஒரு சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போ என்று சொல்லுகிறவர் அந்த ஓவர்டைம் காசுக்கு ஒரு வழி சொல்ல வேண்டாமா?

ஏறத்தாழ ஒரு வருடம் நடந்த இந்த வேலையில் இடையில் விலகியவர் ஒரேயொருவர்தான். முடிவு 146க்கு 7 என்ற வாக்குகளால் வந்தது. ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள்; வாக்காளர் தமக்கு விருப்பமானவர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார் என்ற முறையை அவர்கள் சிபாரிசு செய்தார்கள். இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் இலக்கமிட்டு வாக்களிக்கலாம் என்பதை அறிந்த எங்களுக்கு இலக்கமிடுதல் புதிதல்ல; ஆனால் எண்ணும் விதம் வேறு.

அந்த 160 பேரையும் ஆராய்ச்சியாளர்கள் தொடக்கம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு அளந்தார்கள். அழைப்புக்கு "ஓம்" என்று சொல்லி வந்தவர்களில் பொதுவிடயங்களில் ஏற்கெனவே ஈடுபாடு கொண்டவர்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் யாருடைய பேச்சிலும் மயங்கி முடிவெடுக்கவில்லை. உள்ளூர் உறுப்பினர் வேண்டும், கட்சிக்கு விழுந்த வாக்குக்கு ஏற்ற ஆசனம் வேண்டும், வாக்காளருக்குத் தெரிவு வேண்டும் என்ற மூன்றையும் நிறுத்துப் பார்த்தே முடிவுக்கு வந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

2005 மே 17இல் மாகாண மக்கள் வாக்களித்தபோது 57.7 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். ஆனால் அரசு 60 சதவீதம் வேண்டும் என்று வைத்திருந்தது! எனவே அது நிறைவேறவில்லை. 2009இல் திரும்பக் கேட்டபோது ஆதரவு 39 சதவீதமாக இறங்கிவிட்டது. எங்கள் ஒன்ராறியோவிலும் 103 பேர் கொண்ட இப்படியான சபை ஒன்று கூடியது. 2007 ஒக்ரோபர் 10இல் நடந்த வாக்கெடுப்பில் அதன் சிபாரிசுக்கு 36.9 சதவீதமே கிடைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் சபையைப்பற்றி அறிந்திருந்தவர்கள், "எங்களைப் போன்ற ஆட்கள்தானே யோசித்து முடிவெடுத்தார்கள்" என்று நம்பி ஆதரித்தார்கள். ஒன்ராறியோவில் அப்படி ஒரு சபை இருந்ததே வாக்காளர் பலருக்குத் தெரியாமற் போயிற்று. நல்ல கூட்டம் நடத்தினால் மட்டும் போதாது, வெளியே இருப்பவர்களுக்கும் செய்தி போய்ச் சேரவேண்டும்.

குலுக்கல் என்றதும் எங்களில் ஒருவர், "இதெல்லாம் எங்கட ஆட்கள் ஆயிரம் வருசத்துக்கு முந்தியே செய்ததுதானே!" என்றார். உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னார். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊரை முப்பது பகுதிகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தது உண்மைதான். பெருமைப்படலாம். ஆனால் ஓலையில் பெயர் வருவதற்குக் கால்வேலி நிலமாவது இருக்கவேண்டும், வேதம் கற்றிருக்கவேண்டும் என்றும் அதே கல்வெட்டுச் சொல்லுகிறது. எங்கள் பாட்டன்மாரின் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது.

இனி, கூட்டத்துக்கு வந்த பிறகும் வாய் திறக்காதவர்களைப்பற்றிப் பார்ப்போம். எங்கள் குடும்பங்களுக்கு இதுதான் முக்கியம்.

அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் ஊர் மக்கள் எல்லோரும் வருடம் ஒருமுறை கூடி ஊர் வரவு செலவைத் தீர்மானிப்பார்கள். ஜேன் மான்ஸ்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் அப்படியான ஒரு சிற்றூரில் இருந்து பார்த்து, 1980இல் ஒரு நூல் எழுதினார். ஊர்க்கூட்டத்துக்கு வராதவர்களையும் வந்து பேசாதவர்களையும் வீடு தேடிப்போய்க் கேட்டார். ஏழைகளும் தொழிலாளர்களும் சொன்ன காரணங்களில் ஒன்று, பிழையாக ஏதும் சொல்லிவிட்டால் சிரிப்பார்கள் என்பது. வாசகர்களே, இவர்கள் அகதிகள் அல்லர். அந்த மண்ணிலே பிறந்து, அந்த மொழியையே தாய்மொழியாகப் பேசுகிறவர்கள். அவர்களுக்கே அந்தக் கூச்சம் என்றால், "தி" என்பதற்கும் "டி" என்பதற்கும் நாக்குப் புரளாத எங்களுக்கு இருப்பதில் என்ன அதிசயம்?

கூச்சம் என்பது ஆளுடைய குணம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கூட்டத்தின் விதிகளை மாற்றினால் கூச்சமும் மாறும் என்பதை ஒரு பரிசோதனை காட்டியது. கிறிஸ்ரோபர் கார்போவிற்ஸ், தாலி மென்டல்பேர்க் ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள் ஐந்து ஐந்து பேர் கொண்ட 94 குழுக்களை அமைத்தார்கள். சில குழுக்களில் ஒரு பெண், சிலவற்றில் இரண்டு, இப்படி வேறு வேறு எண்ணிக்கை. வருமானம் குறைந்தவருக்கு எவ்வளவு உறுதிப்படுத்துவது என்பதைக் கதைத்துத் தீர்மானிக்க வேண்டும். பாதிக் குழுக்களுக்குப் பெரும்பான்மை வாக்கால் முடிவு. மீதிக் குழுக்களுக்கு ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. யார் எத்தனை விநாடி பேசினார் என்பதைக்கூட அளந்தார்கள்.

பெரும்பான்மை வாக்கு என்ற விதியின் கீழ், பெண்கள் ஒருவர் இருவராக இருந்த குழுக்களில், அவர்கள் தங்கள் பங்குக்கு மிகவும் குறைவாகவே பேசினார்கள். அதேபோன்ற பெண்கள், அதேயளவு சிறுபான்மையாக இருந்தபோதும், எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இருந்தால் ஆண்களுக்குச் சமமாகப் பேசினார்கள். பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களில் பெரும்பான்மை விதியும் அவர்களைத் தடுக்கவில்லை. ஏழைகளுக்கு உறுதிப்படுத்திய தொகையும் அங்கே கூடியது. இடையில் குறுக்கிட்டுப் பேச்சை வெட்டுவது பெண்களின் தன்னம்பிக்கையைக் குறைத்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆக, யார் பேசுகிறார் என்பது மாறும்போது என்ன முடிவு வருகிறது என்பதும் மாறுகிறது.

இது வெள்ளைக்காரருடைய பரிசோதனைக்கூடத்தில் மட்டும் நடந்ததல்ல. தமிழ்நாட்டின் கிராமசபைகளைப்பற்றி ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. நூறு கிராமசபைக் கூட்டங்களில் பேசப்பட்டதை எல்லாம் சொல்லுக்குச் சொல் எழுதி எடுத்தார்கள். தண்ணீர்க் குழாய், தெரு விளக்கு, பங்கீட்டுக் கடை என்று அங்கே பேசப்படுபவை எங்கள் ஊர்க் கவலைகளேதான். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே பேசினார்கள். அவர்கள் எடுத்த விடயம் கூட்டத்தின் விடயமாக மாறுவதும் குறைவு. அதிகாரிகளிடமிருந்து கேட்டதற்குப் பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. ஆனால் ஊராட்சித் தலைவர் ஒரு பெண்ணாக இருந்த இடங்களில் பெண்களுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்புக் கூடியது. மேடையில் இருப்பவர் யார் என்பதைக் கீழே இருப்பவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

எங்கள் மாடிக்கட்டடத்தில் கண்ட ஒன்றையும் இவ்விடத்தில் சொல்லலாம். மின்தூக்கி திருத்துவதுபற்றிக் குடியிருப்பாளர் கூட்டம் வைத்தார்கள். "கேள்வி உண்டா?" என்று ஒலிவாங்கியில் கேட்டபோது எங்கள் ஆட்கள் ஒருவரும் எழும்பவில்லை, வழமையாகப் பேசுகிற மூன்று பேர் பேசினார்கள். அடுத்த கூட்டத்தை நடத்தியவர் ஓர் இளம்பெண். மேசைக்கு ஆறு பேராக இருத்தி, ஆளுக்கு இரண்டு நிமிடம், ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்றார். எங்கள் மேசையில் இருந்த வன்னி அக்கா ஒருவர், இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்றுதரம் போகும் தன் மாமாவை ஒன்பதாம் மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்று தமிழில் சொன்னார். பக்கத்தில் இருந்த பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னது. இரண்டு மின்தூக்கிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் திட்டம் அன்றைக்கே மாற்றப்பட்டது. அதுவரை அந்த மாமாவைப்பற்றி அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் எங்களுக்குள்ளேயே கூடிக் கதைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சுமார் 60 பேரை அழைத்தார்கள். இடதுசாரிப் பக்கம் சாய்ந்த போல்டர் நகரத்தவரைத் தனியாகவும், வலதுசாரிப் பக்கம் சாய்ந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தவரைத் தனியாகவும் சிறு குழுக்களாக இருத்திக் கதைக்க விட்டார்கள். கதைத்து முடிந்தபோது இரு பகுதியினரும் தங்கள் தங்கள் பக்கத்தில் இன்னும் தூரம் போயிருந்தார்கள். முன்பு ஒரே குழுவுக்குள் இருந்த சிறு சிறு வேறுபாடுகளும் மறைந்துவிட்டன. பிஷ்கினுடைய கூட்டங்களில் பல விதமானவர்கள் கலந்திருந்தார்கள், எல்லாப் பக்கத் தகவலும் மேசையில் இருந்தது. இங்கே அவை இரண்டும் இல்லை. ஒரே ஊரவர், ஒரே கட்சிக்காரர், ஒரே பழைய மாணவர் மட்டும் கூடும் எங்கள் சங்கங்கள் ஏன் இரண்டாகவும் நான்காகவும் உடைகின்றன என்பதை யோசிப்பவர்கள் இதையும் யோசிக்கலாம். மாறிக் கதைப்பவனைத் துரோகி என்று சொல்லி வெளியே அனுப்பிய பிறகு உள்ளே ஒரு குரல்தான் மிஞ்சும்.

மொழிப் பிரச்சினைக்கு வருவோம். 2009 மே மாத இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 350 சாதாரண மக்கள் பிரசெல்ஸ் நகரில் மூன்று நாள் கூடினார்கள். குடிவரவும் காலநிலையும் விடயம். இருபதுக்கு மேற்பட்ட மொழிகள். ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் பேச, காதுக் கருவியில் மற்றவர் தம் மொழியில் கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்குக் காசு ஒதுக்கினால் மொழி ஒரு தடையே அல்ல. எனவே பாடசாலையோ நகரசபையோ கூட்டத்துக்கு அழைக்கும்போது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அதன் தலையில் வைக்கவேண்டாம்.

"நாங்கள் இன்னும் பிரசை இல்லையே, எங்களை யார் கூப்பிடப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லுகிறோம். வாக்களிக்கப் பிரசாவுரிமை வேண்டும். ஆனால் எல்லாக் கூட்டங்களுக்கும் அது வேண்டியதில்லை. ரொறன்ரோ நகரசபை 2015இல் நகரத் திட்டமிடல்பற்றி ஆலோசனை சொல்ல 28 பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தது. அதற்காகக் குலுக்கலில் எடுத்த 12,000 வீடுகளுக்கு அழைப்புக் கடிதம் போனது. விரும்பிப் பதில் அனுப்பியவர்களுக்குள் மீண்டும் குலுக்கி, வயது, ஆண் பெண், இருக்கும் பகுதி, வாடகை வீடா சொந்த வீடா என்பவற்றையெல்லாம் பார்த்து 28 பேரை எடுத்தார்கள். பதில் அனுப்பாத வீட்டின் பெயர் இரண்டாவது குலுக்கலில் இல்லை.

இப்படியான கடிதங்கள் விளம்பரக் கடிதம்போலத்தான் இருக்கும். பீற்சாக் கடை அட்டையோடும் வீடு விற்கும் முகவரின் படத்தோடும் சேர்ந்து தபால் பெட்டிக்குள் கிடக்கும். எங்கள் வீடுகளில் பல நேரம் மூன்றும் ஒன்றாகவே நீலப் பெட்டிக்குள் போய்விடும். உறையின் மேல் நகரசபையின் அல்லது மாகாண அரசின் சின்னம் இருந்தால் பிரித்துப் பாருங்கள். இந்தவகைக் கடிதம் வழமையாக ஆளின் பெயருக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறது. அந்த வீட்டில் வசிக்கும் 18 வயது நிரம்பிய எவரும் பதில் எழுதலாம். இரவு வேலைக்குப் போகும் நாங்களும் எழுதலாம், வீட்டிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்கும் மாமியும் எழுதலாம். சாப்பாடு, போக்குவரத்துச் செலவு, பிள்ளை பராமரிப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவை கிடைக்குமா என்று கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். பதில் அனுப்ப ஒரு கடைசித் திகதி இருக்கும், அதை முதலில் பாருங்கள்.